கவலைப்பட ஏதும் இல்லை என்று வந்த பதில்

மதிப்பிற்குரிய அண்ணி அவர்களுக்கு,

உங்கள் தம்பி மனைவி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் தம்பி, மகள், உங்கள் அலமாரி ஆகிய நால்வரும் நலம். உங்கள் நலம் அறிய ஆவல். எல்லாரும் வழக்கத்துக்காக எழுதுகிற வரி இது. நான் இந்த முறை நிஜமாகவே ஆவலாக இருக்கிறேன். அந்த ஆவலில் இந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை.

இந்தக் காலத்தில் யாராவது கடிதம் எழுதுவார்களா என்று நீங்கள் கேட்பது இங்கேயே என் காதில் விழுகிறது. வேறு என்ன செய்ய, அண்ணி? நான் போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. உங்கள் தம்பி செய்தால் எடுத்து, "அவ பக்கத்துல இருக்காளா?" என்று கேட்கிறீர்கள். இருக்கிறாள் என்றால் வைத்துவிடுகிறீர்கள். இல்லை என்றால், "பொய் சொல்றே" என்று வைத்துவிடுகிறீர்கள். மெசேஜ் அனுப்பலாம் என்றால், போனில் வருகிற எழுத்தெல்லாம் நான் ஆபீஸில் உட்கார்ந்து மாற்றுவது என்று உறவுக்காரர்கள் எல்லாரிடமும் சொல்லியாகிவிட்டது. ஆகவே பேனாவும் காகிதமும். நாளைக் காலை உங்கள் தம்பியே இதைக் கொண்டுவந்து தருவார். நேரில் சொல்லிவிட்டு வாருங்கள் என்றுதான் முதலில் கேட்டேன். "நீ எழுதிக் குடு. நான் அவ கையில குடுத்துட்டு வாசல்லயே நிக்கிறேன்" என்றார். உங்கள் முன்னால் அவருக்கு நாக்கு எப்படி ஒட்டிக்கொள்ளும் என்பது உங்களுக்கே தெரியும்.

சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் கடிதத்தைக் கிழித்தாலும் பரவாயில்லை. வருகிற திங்கட்கிழமை டாக்டரைப் பார்க்க வாங்கியிருந்த நேரத்தை நீங்கள் ரத்து செய்துவிட்டீர்களாம். தயவுசெய்து அதை மறுபடியும் வாங்குங்கள். உங்கள் கழுத்துக் கட்டியின் பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை. செவ்வாய்க்கிழமை உங்கள் போனில் "கவலைப்பட ஏதும் இல்லை" என்று ஒரு வரி வந்ததே, அதை எழுதியது டாக்டர் இல்லை. நான்.

கோபப்படாமல் மேலே படியுங்கள். கோபப்பட்டாலும் படியுங்கள்.

என் வேலை என்ன என்று கல்யாணத்தன்றே நீங்கள் கேட்டீர்கள். கம்ப்யூட்டர் வேலை என்றேன். "டைப் அடிக்கிறதா?" என்றீர்கள். விளக்கிச் சொல்ல அலுப்புப்பட்டு ஆமாம் என்று தலையாட்டினேன். அன்றைக்கே சொல்லியிருந்தால் இன்றைக்கு இவ்வளவு எழுத வேண்டியிருக்காது. உங்கள் போனில் இருக்கிற ஆஸ்பத்திரிச் செயலியில் "என் ரிப்போர்ட்" என்று ஒரு பொத்தான் இருக்கிறதல்லவா, அதை நீங்கள் அழுத்தும்போது போனுக்குச் சுயமாக ஒன்றும் தெரியாது. அது எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரிடம் வந்து, இந்த அம்மாவின் முடிவு என்ன ஆயிற்று என்று கேட்கும். எங்கள் கம்ப்யூட்டர் பரிசோதனைக்கூடத்துக் கம்ப்யூட்டரிடம் விசாரித்துப் பதில் சொல்லும். அந்தக் கேள்வி பதில் நடக்கிற வழிக்கு ஏபிஐ என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், பெயர் கிடக்கட்டும். பதில் எந்த வடிவத்தில் போக வேண்டும் என்று கட்டித்தருவதுதான் என் பிழைப்பு. முன்பெல்லாம் எங்கள் ஆபீஸில் ஆளுக்கொரு விதமாகப் பதில் அனுப்பிக்கொண்டிருந்தோம். ஒருவர் முடிவை மேலே வைப்பார், இன்னொருவர் அடியில் ஒளித்து வைப்பார், மூன்றாமவர் வைக்கவே மாட்டார், கேட்டால் போன வாரமே அனுப்பிவிட்டேன் என்பார். போன் செயலியைச் செய்கிறவர் எனக்கு எதிர் மேஜை. "உங்க ஆளுங்க அனுப்புறதைப் பிரிச்சுப் பார்க்கறதுக்குள்ள எனக்கு முடியெல்லாம் கொட்டிடுச்சு" என்று தினமும் புலம்புவார். நான் பார்த்த நாள் முதல் அவருக்கு முடி கிடையாது. இருந்தாலும் எனக்குப் பாவமாக இருந்தது.

அதனால் ஒரு டெம்ப்ளேட் செய்தேன். மூன்று அறை வைத்த டப்பா என்று வைத்துக்கொள்ளுங்களேன். முதல் அறையில் கேட்ட வேலை முடிந்ததா இல்லையா என்று இருக்கும். இரண்டாவது அறையில் பார்க்கிறவருக்கு ஒரு வரிச் செய்தி. மூன்றாவதில் விஷயம். ரிப்போர்ட் கேட்டாலும், பில் கேட்டாலும், டாக்டரைப் பார்க்க நேரம் கேட்டாலும், பதில் இதே டப்பாவில்தான் போகும். ஒருமுறை செய்துவைத்துவிட்டால் எல்லாரும் எடுத்து எடுத்துப் புழங்கலாம். எங்கள் மேலாளருக்கு ஆபீஸில் "ஒரே அச்சு" என்று பட்டப்பெயர். அலமாரியில் காபிக் கோப்பைகளின் காதுகூட ஒரே பக்கம் பார்த்திருக்க வேண்டும் அவருக்கு. என் டெம்ப்ளேட்டைப் பார்த்து அவர் கண் கலங்கிவிட்டார். எல்லாரையும் கூப்பிட்டுக் கைதட்டச் சொன்னார். இத்தனை வருஷ வேலையில் எனக்குக் கிடைத்த கைதட்டல் அது ஒன்றுதான், அதுவும் இப்படிப் போய் முடிந்தது.

ஒரு சின்னச் சிக்கல் இருந்தது. இரண்டாவது அறையில் செய்தி போட யாராவது மறந்துவிட்டால் போன் திரை வெள்ளையாகி நின்றுவிடும். மறக்காதீர்கள் என்று சொல்லிப் பார்த்தேன். சொன்னதையும் சேர்த்து மறந்தார்கள். சரி, காலியாக வந்தால் தானாகவே நிரம்பிக்கொள்ளட்டும் என்று நானே ஒரு வரியை அதில் எழுதி வைத்தேன். என்ன எழுதலாம் என்று யோசிக்கக்கூட இல்லை, அண்ணி. உங்கள் தம்பி சாவியைத் தொலைத்தாலும், மகள் கணக்குப் பரீட்சையில் கோட்டை விட்டாலும், குழாய் ஒழுகிக் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து கத்தினாலும் காலையிலிருந்து நான் சொல்லிக்கொண்டிருக்கும் வாக்கியம் எதுவோ, அதுவே கையில் வந்தது: கவலைப்பட ஏதும் இல்லை.

கடவுச்சொல்லைத் தப்பாக அடித்தவருக்கெல்லாம் "கவலைப்பட ஏதும் இல்லை" என்று போனது. பில் கட்டும்போது பாதியில் இணைப்பு அறுந்தவருக்கும் அதுவே போனது. நான் பதறிப்போய், அதை எடுத்துவிடுகிறேன் என்று மேலாளரிடம் ஓடினேன். "எடுக்காதீங்கம்மா. ஜனங்க நன்றி சொல்லி எழுதறாங்க. எந்தக் கம்பெனி இப்படி ஆறுதலாப் பேசுது?" என்றார். இன்னொரு தடவை போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அன்றைக்கு அலுப்பாக இருந்தது, மறுநாளும் அலுப்பாக இருந்தது, அப்புறம் அது பழகிவிட்டது. இதற்கிடையில் ரிப்போர்ட் பகுதியை எழுதியவர் என்ன செய்தார் தெரியுமா? மூன்றாவது அறையில் ஏதாவது கோளாறு எழுதியிருந்தால் "டாக்டரைப் பாருங்கள்" என்று செய்தி போட்டார். அறை காலியாக இருந்தால் என்ன செய்தி போடுவது என்று அவர் யோசிக்கவே இல்லை. அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். அவர் விட்ட இடத்தில்தான் என் வரி போய் உட்கார்ந்துகொண்டது.

இப்படி இருக்கும்போதுதான் உங்கள் கழுத்தில் கட்டி வந்தது. டாக்டர் ஊசி போட்டுச் சதை எடுத்து அனுப்பிய அன்றே நீங்கள் எங்கள் இருவரையும் வரச் சொன்னீர்கள். உங்கள் தம்பி வழியெல்லாம் நடுங்கிக்கொண்டே வந்தார், நாம் என்ன தப்பு செய்தோம் என்று. நீங்களோ திட்டவே இல்லை. என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, அத்தை விட்டுப்போன கண்ணாடி வைத்த தேக்கு அலமாரியை, "நீயே வெச்சுக்கோம்மா, எனக்கு இனிமே எதுக்கு?" என்றீர்கள். உங்கள் தம்பியின் தலையில் கை வைத்து, "அந்த பஸ் ஸ்டாண்ட் விஷயத்தையும் மன்னிச்சிட்டேன்டா" என்றீர்கள். பஸ் ஸ்டாண்டில் உங்களை அழைத்துவரப் போனவர் உங்களை அங்கேயே விட்டுவிட்டு யாரோ ஒருவருடைய பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வந்த விஷயம். எங்கள் மகள் பிறப்பதற்கு முன்பு நடந்தது. மகளுக்கே மனப்பாடமாகத் தெரியும், உங்கள் வாயால் அத்தனை தடவை கேட்டிருக்கிறாள். அதை மன்னித்துவிட்டீர்கள். வீட்டுக்கு வந்து உங்கள் தம்பி குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். "அக்கா மன்னிச்சிட்டா. அப்படின்னா ஏதோ பெரிசா இருக்கு" என்றார். நான் கதவுக்கு வெளியே நின்று, கவலைப்பட ஏதும் இல்லை என்றேன். சொன்ன எனக்கே நம்பிக்கை இல்லை.

அலமாரி வந்த கதை உங்களுக்குத் தெரியாது. அது லிப்டுக்குள் நுழையவில்லை. படி வழியாக ஏற்றினார்கள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் மாட்டிக்கொண்டு மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் நின்றுவிட்டது. அந்த மாடியில் இருக்கிற தையல்காரர் தன் வீட்டிலிருந்து வெளியே வர முடியாமல் அலமாரியின் மேல்வழியாக எங்களுக்கு டீ கொடுத்தார், மனுஷன் தங்கம். ஒருவழியாக எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்த பிறகு படுக்கையறைக் கதவில் அது நுழையாது என்று தெரிந்தது. ஹாலிலேயே நிற்கிறது. அது நிற்கிற இடத்தில் குளியலறைக் கதவு முக்கால்வாசிதான் திறக்கும். மகள் நழுவிப் போய்விடுவாள். உங்கள் தம்பி மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு போகிறார். ஆனாலும் தினமும் காலையில் நான் அந்தக் கண்ணாடியைத் துடைக்கும்போது உங்கள் நினைப்புத்தான், அண்ணி. நமக்குள் ஆயிரம் இருக்கட்டும். அந்தக் கண்ணாடியில் உங்கள் முகம் இல்லாமல் என் முகம் தெரிவது எனக்குப் பிடிக்கவே இல்லை.

செவ்வாய்க்கிழமை நீங்களே போன் செய்தீர்கள். குரலைக் கேட்டவுடனேயே தெரிந்துவிட்டது, பழைய குரல். "எல்லாம் வந்துடுச்சு. கவலைப்பட ஏதும் இல்லையாம். அலமாரியைத் திருப்பி அனுப்பிடு. கண்ணாடில ஒரு கீறல் இருந்தாலும் நான் சும்மா இருக்க மாட்டேன்" என்றீர்கள். உங்கள் தம்பியைக் கூப்பிடச் சொல்லி, "பஸ் ஸ்டாண்டை நான் மறந்துட்டேன்னு நெனச்சுக்காதே" என்றீர்கள். அவர் போனை வைத்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டார். "திட்டுறா! மறுபடியும் திட்டுறா!" என்று ஹாலில் சுற்றிச் சுற்றி வந்து அலமாரியில் முட்டிக்கொண்டார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருக்கும்போதுதான் அந்த வரி காதுக்குள் திரும்பி வந்தது. கவலைப்பட ஏதும் இல்லை. எந்த டாக்டர் அப்படி எழுதுவார்?

மறுநாள் ஆபீஸில் போய்த் தேடினேன். யாருடைய ரிப்போர்ட்டையும் திறந்து பார்க்க எங்களுக்கு அனுமதி இல்லை, உறவென்றாலும் இல்லை. உங்களுக்குப் போன பதிலில் எந்த அறை நிரம்பியிருந்தது, எது காலி என்பதை மட்டும் பார்க்கலாம். மூன்றாவது அறை காலி. நல்ல முடிவாக இருந்தால் "நார்மல்" என்று ஒரு வார்த்தையாவது இருக்குமே என்பது என் கணக்கு. ஆகவே பரிசோதனைக்கூடத்திலிருந்து எதுவுமே வரவில்லை. வராத முடிவுக்கு என் டெம்ப்ளேட் பாட்டுக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறது. உங்களுக்கு மட்டுமா, அண்ணி? டெம்ப்ளேட் ஓடத் தொடங்கிய இந்த எட்டு மாசத்தில் எத்தனை பேருக்குச் சொன்னதோ என்று நினைத்தேன். ஒரே அச்சிடம் போய் இந்தத் தடவை அலுப்புப்படாமல் சத்தம் போட்டேன். அவருக்கும் முகம் வெளுத்துவிட்டது. மூன்றாவது அறை காலியாக இருந்தால் "முடிவு இன்னும் வரவில்லை" என்று போகும்படி டெம்ப்ளேட்டை மாற்றினேன். நேற்றுச் சாயங்காலம் எல்லாருடைய போனுக்கும் அது போய்ச் சேர்ந்தது. அப்பாடா என்று வீட்டுக்கு வந்து ஒரு டீ போட்டேன்.

டீ ஆறுவதற்குள் உங்கள் போன். உங்கள் தம்பிக்கு. அவர் ஸ்பீக்கரில் போட்டுவிட்டார், தெரியாமல்தான். "உன் பொண்டாட்டி ஆபீஸ்ல உக்காந்து என் ரிப்போர்ட்டை மாத்திட்டாடா! நேத்து வரைக்கும் கவலை இல்லைன்னு இருந்தது, இப்ப வரவே இல்லைங்குது. எதுக்கு? அலமாரியைத் திருப்பிக் குடுக்க மனசில்லை, அதுக்குத்தான்!"

ஒரு மரச்சாமானுக்காக உங்கள் உயிரோடு விளையாடுகிறவளா நான்? இரண்டு நாள் கோபமாக இருக்கலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் திங்கட்கிழமை வந்துவிடுகிறதே. நீங்கள் கோபத்தில் டாக்டரிடம் போகாமல் இருந்து, அந்தக் கட்டி அது பாட்டுக்கு வளர்ந்து, அதற்குக் காரணம் நான் அலட்சியமாக எழுதிவைத்த ஒரு வரி என்று ஆனால் நான் எந்த முகத்தோடு இருப்பேன்? ஆகவே முடிவு செய்துவிட்டேன். இந்தக் கடிதத்தோடு அலமாரியும் வருகிறது. வண்டிக்காரரிடம் சொல்லியாகிவிட்டது. படியில் இறங்குவதற்காகக் கதவுகளைக் கழற்றி, அலமாரியை வாசல்பக்கம் நகர்த்தி, கண்ணாடியை என் இரண்டு போர்வைகளில் சுற்றி வைத்திருக்கிறேன். ஒரு கீறல் இல்லை. அலமாரி உங்கள் வீட்டுக்குள் போய் நின்ற பிறகாவது நான் சொல்வதை நம்புங்கள். எனக்கு அதில் ஒரு ஆணிகூட வேண்டாம். நீங்கள் டாக்டரிடம் போங்கள். துணைக்கு வேண்டுமென்றால் நான் வருகிறேன். பேச வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். என்ன முடிவு வந்தாலும் அதை மனிதர்கள் வாயால் கேட்போம். உங்களிடம் மட்டும் இனிமேல் நான் கவலைப்பட ஏதும் இல்லை என்று சொல்லவே மாட்டேன். எனக்குக் கவலையாகத்தான் இருக்கிறது, அண்ணி. ரொம்பக் கவலையாக இருக்கிறது.

வீட்டிலிருப்பவர்களுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். வாசலில் நிற்பவருக்கு ஒரு டீ கொடுங்கள். உங்கள் ஆசி எங்களுக்கு எப்போதும் வேண்டும், அலமாரி வேண்டாம்.

இப்படிக்கு,
பணிவுள்ள,
உங்கள் தம்பி மனைவி.

பி.கு.: மேலே எழுதியதில் வணக்கத்தையும் அலமாரியையும் தவிர வேறு எதையும் நம்பாதீர்கள். கடிதத்தை மடித்துக்கொண்டிருக்கும்போது பரிசோதனைக்கூடத்துக் கவுண்டரில் இருக்கும் அம்மா, ஆபீஸில் என் எண்ணை வாங்கி எனக்குப் போன் செய்தார். எடுத்த எடுப்பிலேயே, "சும்மா இருந்த டெம்ப்ளேட்டை யார் தொடச் சொன்னது உங்களை?" என்றார். காலையிலிருந்து அவர் கவுண்டரில் கூட்டம் தாங்கவில்லையாம். எல்லாம் ஒரு கோளாறும் இல்லாத ஆட்கள், முடிவு இன்னும் வரவில்லை என்று போனில் பார்த்துவிட்டுப் பயந்து ஓடிவந்தவர்கள். "ஒண்ணும் இல்லைன்னா நாங்க அந்த அறையைக் காலியாத்தான் அனுப்புவோம். முதல்லேர்ந்து அப்படித்தானே? முடிவே வரலைன்னா டப்பாவையே அனுப்ப மாட்டோம்" என்றார். காலி டப்பா வேறு, வராத டப்பா வேறு, அண்ணி. என் டெம்ப்ளேட்டுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிந்திருக்கிறது, எனக்கும்தான். உங்களுடையது காலி டப்பாவாகத்தான் இருக்க வேண்டும், செவ்வாய்க்கிழமை வந்த வரி உண்மை. நேற்று நான் திருத்தியதுதான் பொய். திங்கட்கிழமை முதல் வேலையாக இரண்டையும் பிரித்து எழுத வேண்டும், ஒரே அச்சு என்னைக் கைதட்டாமல் கூப்பிடுவார்.

உங்களைப் பற்றி அந்த அம்மாவிடம் மெல்லக் கேட்டேன். முடிவைச் சொல்ல மாட்டேன், அது விதி என்றார். அப்புறம் அவரே, "காலைல வந்தாங்க. வரும்போது ரொம்ப சாதுவா, எல்லாரையும் கும்பிட்டுக்கிட்டே வந்தாங்க. பேப்பரை வாங்கிப் படிச்சாங்க. அப்புறம் எங்க ஒருத்தரையும் விடலை. காத்தாடி ஏன் ஓடலைன்னு ஆரம்பிச்சு, வெளியில நிக்கிற காவல்காரர் வரைக்கும் திட்டித் தீர்த்துட்டுத்தான் போனாங்க" என்றார். நான் போனைப் பிடித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டேன். உங்கள் தம்பி பயந்துபோய் என்ன என்ன என்று கேட்டார். சொன்னேன். மறுபடியும் குளியலறைக்குப் போனார். கதவு இப்போது முழுசாகத் திறக்கிறது.

இவ்வளவு எழுதியதைக் கிழிக்க எனக்குத் தெம்பில்லை, அதனால் அப்படியே அனுப்புகிறேன். அலமாரியை எடுத்துக்கொள்ளுங்கள், அதில் உங்கள் முகத்தையே பாருங்கள். நாளைக்கு அவர் வாசலில் நிற்கும்போது பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆரம்பித்து வாய் வலிக்கிறவரை திட்டுங்கள், என்னையும் சேர்த்து. மன்னித்து மட்டும் விடாதீர்கள், அண்ணி. இன்னொரு தடவை எங்களால் தாங்க முடியாது.